அப்பாவுக்கு ஸ்டீராய்டை நாளையே நிறுத்தலாமா? கொப்புள நோயில் மாத்திரையைக் குறைப்பது பற்றி

வாசகர் கேள்வி, 6 ஜூலை 2025

அப்பாவுக்கு 71 வயது. மார்ச்சில் உடம்பெல்லாம் பெரிய பெரிய நீர்க்கொப்புளம் வந்தது. பயாப்சி எடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே தாக்குகிறது என்றார்கள். நான்கு மாதமாக வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. கொப்புளம் அடங்கிவிட்டது. ஆனால் சர்க்கரை 380, முகம் ஊதிவிட்டது, ராத்திரி தூக்கமில்லை, நாற்காலியிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் குறைக்கச் சொன்னால் "பார்க்கலாம், இதையே தொடருங்கள்" என்கிறார். என்னைக் கேட்டால் ஸ்டீராய்டு விஷம்தான். நாளையிலிருந்து நிறுத்திவிட்டு நாட்டு மருந்து ஆரம்பிக்கப் போகிறோம். இப்படி நிறுத்தி நன்றாக இருப்பவர்கள் யாராவது உண்டா?

6 ஜூலை, இரவு 10.15

தம்பி, நாளைக் காலை அப்பாவுக்கு மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எனக்கும் கொப்புள நோய்தான். 2019 ஆவணியில் நான் அதைத்தான் செய்தேன். அப்போது 25 மி.கி.யில் இருந்தேன். நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. ஊதிய முகத்தோடு போட்டோவில் நிற்க மனமில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் குமட்டல், தலைச்சுற்றல், கைகால் பிழிந்து போட்ட துணி மாதிரி. நான்காம் நாள் மண்டபத்துச் சமையல்கட்டில் மயங்கி விழுந்தேன். டிரிப்ஸ் ஏற்றி, ஸ்டீராய்டை ஊசியாகப் போட்ட பிறகுதான் பிரஷர் ஏறியது. அடுத்த வாரம் முதுகு முழுக்கக் கொப்புளம். குறைத்துக்கொண்டு வந்ததெல்லாம் வீணாகி, மறுபடி 60 மி.கி.யிலிருந்து ஆரம்பித்தோம்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலை அன்றாடம் தானே சுரக்கிறது. வைசலோன் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 5 மி.கி.தான். மாதக்கணக்கில் வெளியிலிருந்து 40 போய்க்கொண்டிருந்தால் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்துகொள்ளாது. அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சலோ பேதியோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

7 ஜூலை, காலை

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். 380 என்பதைச் சும்மா விடக்கூடாது. தோல் டாக்டரை எப்போது பார்க்கப் போகிறீர்களோ, அது வேறு. சர்க்கரை டாக்டரை இன்றைக்கே பாருங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் காலத்துக்கு மட்டும் இன்சுலின் போட வேண்டி வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். காலை மாத்திரைக்குப் பிறகு மதியமும் மாலையும்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பல சமயம் நன்றாக இருப்பது போலத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று. பயாப்சி காகிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது? பெம்பிகஸா, பெம்பிகாய்டா? கூடவே இம்யூனோஃபுளோரசன்ஸ் என்று ஒரு பரிசோதனை செய்திருப்பார்கள், அதன் முடிவையும் எடுத்து வையுங்கள். பெயர் தெரியாமல் ஸ்டீராய்டைக் குறைப்பது பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது.

7 ஜூலை, இரவு

பெயர் முக்கியம் என்றதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்று என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1953இல் வால்டர் லீவர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்தான் இரண்டும் வேறு வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். தோலைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பெம்பிகஸில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே இருக்கும் காரை போய்விடுகிறது. அந்தக் காரையில் டெஸ்மோகிளீன் என்ற புரதம் இருக்கிறது, அதைத்தான் நம் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி தாக்குகிறது. அதனால் கொப்புளம் தொளதொளவென்று இருக்கும், தொட்டால் உடையும். வாய் முழுக்கப் புண்ணாகும். எனக்கு இருப்பது இது. பெம்பிகாய்டில் சுவர் அப்படியே இருக்கும், அடித்தளத்திலிருந்து பெயர்ந்துவிடும். கொப்புளம் கெட்டியாக, விம்மி நிற்கும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். அரிப்பு தாங்க முடியாது.

அப்பாவின் வயதையும் "பெரிய பெரிய கொப்புளம்" என்று நீங்கள் எழுதியதையும் பார்த்தால் பெம்பிகாய்டு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் காகிதம் சொல்வதே கணக்கு.

9 ஜூலை

தம்பி காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். புல்லஸ் பெம்பிகாய்டு.

இது நல்ல செய்தி என்றே சொல்வேன். என் நோயைவிட இதில் வாய்வழி ஸ்டீராய்டைக் குறைக்க வழி அதிகம்.

முதல் வழி களிம்பு. பிரான்சில் பாஸ்கல் ஜோலி என்ற மருத்துவரின் குழு 341 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வாய்வழி பிரெட்னிசோன், மறு பாதிக்குக் குளோபெட்டாசோல் களிம்பு நாளுக்கு 40 கிராம், உடம்பு முழுக்கத் தடவினார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் களிம்புக் குழுவில் 76 சதவீதம், மாத்திரைக் குழுவில் 58 சதவீதம். முதல் முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுபது, எண்பது வயது உடம்புக்கு அந்த மாத்திரை எவ்வளவு பெரிய பாரம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. நாளுக்கு 200 மி.கி. டாக்சிசைக்ளினை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் கொப்புளம் மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆனவர்கள் டாக்சிசைக்ளினில் 74 சதவீதம், ஸ்டீராய்டில் 91. அடக்குவதில் ஸ்டீராய்டுதான் முந்துகிறது. ஆனால் ஒரு வருடத்தில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் டாக்சிசைக்ளினில் 18 சதவீதம், ஸ்டீராய்டில் 36. சரிபாதி.

டாக்டரிடம் போய் "ஸ்டீராய்டு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "கூட எதைச் சேர்த்தால் இதை இறக்கலாம்?" என்று கேளுங்கள். கொப்புளம் அடங்கியும் நான்கு மாதமாக ஒரே டோஸில் நிற்பது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்தான். நோய் அடங்கினதும் இறக்க ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

9 ஜூலை, இரவு

எழுத மறந்துவிட்டேன். அப்பா சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறார்? பெயர் "கிளிப்டின்" என்று முடிகிறதா என்று பாருங்கள். வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், சிடாகிளிப்டின், டெனிலிகிளிப்டின். மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும். அதனால் அட்டையின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். இந்த வகை மாத்திரைகள் சிலருக்குப் பெம்பிகாய்டைக் கிளப்பிவிடும். சாப்பிட ஆரம்பித்து மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

10 ஜூலை

"மூன்று வருடமாக வில்டாகிளிப்டின் 50, காலையும் இரவும்" என்று தம்பி எழுதியிருக்கிறார். தோல் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டியதே இல்லையாம்.

குற்றம் சொல்லவில்லை. சர்க்கரைச் சீட்டு ஒரு கோப்பில், தோல் சீட்டு இன்னொரு கோப்பில். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஏற்கெனவே சர்க்கரை 380. சர்க்கரை டாக்டர் மாற்றுக் கொடுக்கட்டும். இரண்டு கோப்பையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

13 ஜூலை

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: ஸ்டீராய்டு இவ்வளவு கெடுதல் என்றால் அதை ஏன் கொடுக்கிறார்கள்?

பெம்பிகஸ் வந்தவர்கள் ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. பெரும்பாலோர் சில மாதங்களில், மிஞ்சிப்போனால் சில வருடங்களில் இறந்துபோனார்கள். தோல் உரிந்த இடத்திலிருந்து நீரும் புரதமும் வடிந்து போகும், கிருமி உள்ளே போகும், வாய்ப்புண்ணால் சாப்பாடு இறங்காது. தீக்காயம் பட்டவர் மாதிரிதான். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்காக மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தது 1950இல். அந்த வருடங்களிலேயே பெம்பிகஸுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாகப் போகிறவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் அந்த மருந்தாலேயே, கிருமித் தொற்றிலும் மற்றப் பக்கவிளைவுகளிலும் சிலர் இறந்தார்கள். நோயைக் கட்டுப்படுத்திக்கொண்டே ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது என்ற தேடல் அன்று ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.

எனக்கு 2018 ஆகஸ்டில் வாயில் ஆரம்பித்தது. ரசம் பட்டால் எரிச்சல், இட்லிக்குச் சட்னி இல்லை, ஐந்து மாதம் உப்புக் குறைத்த தயிர்சாதம்தான். பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார்கள், பல்லைச் சுத்தம் செய்தார்கள், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவும் செய்தார்கள். முதுகில் கொப்புளம் வந்ததும் மாமியார் அக்கி என்று நினைத்து, செங்காவி கரைத்து எழுதக் கூட்டிக்கொண்டு போனார். பாவம், அவருக்குத் தெரிந்த அன்பு அது. 2019 பிப்ரவரியில்தான் ஒருவர் பயாப்சி எடுத்தார். வைசலோன் 60 ஆரம்பித்து பத்தாம் நாள், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அதனால் யாராவது அதை விஷம் என்று சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

15 ஜூலை: ஒரு திருத்தம்

களிம்பைப் பற்றி 9ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் களிம்பில் பக்கவிளைவே இல்லையா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய விதம் அப்படி நினைக்க வைத்திருக்கிறது. தவறு என்னுடையது.

குளோபெட்டாசோல் மிக வீரியமான ஸ்டீராய்டு. நாளுக்கு 40 கிராம் தடவினால் நிச்சயம் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஏறலாம், அட்ரினல் தூங்கலாம், தோல் மெலிந்து ரத்தக்கட்டு வரலாம். உள்ளே போகும் அளவு மாத்திரையைவிடக் குறைவு, வயதானவர்களுக்கு ஆபத்து குறைவு, அவ்வளவுதான். நோய் மிதமாக இருந்தால் நாளுக்கு 10 முதல் 30 கிராம் போதும் என்று அதே குழு பிறகு காட்டியது. களிம்பையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

நடைமுறையில் 30 கிராம் டியூப் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தீரும். டாக்டரிடம் கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் "மெல்லியதாகத் தடவவும்" என்ற பழக்கத்தில் கால் டியூபோடு நின்றுவிடுவோம். தடவுகிறவர் கையுறை போட வேண்டும். அம்மாதான் தடவுகிறார் என்றால் இதை மறக்கவே கூடாது.

டாக்சிசைக்ளின் கொடுத்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்டீராய்டுக்காகக் கால்சியம் மாத்திரை கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டாக்சிசைக்ளின் உடம்பில் சேராது. பாலோடும் கூடாது. சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்டவுடன் படுக்கக்கூடாது, தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும்.

22 ஜூலை

டெல்லி எய்ம்ஸில் ஜே.எஸ். பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் 1980களின் தொடக்கத்தில் செய்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இது நம் நாட்டில் பிறந்த வழி.

பெம்பிகஸுக்கு ஸ்டீராய்டைத் தினமும் கொடுத்து உடம்பைக் கெடுப்பதற்குப் பதிலாக, மாதத்துக்கு மூன்று நாள் மட்டும் பெரிய அளவில் கொடுத்தார். 100 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை அரை லிட்டர் குளுக்கோஸில் கலந்து இரண்டு மணி நேரம் ஏற்றுவார்கள். மூன்று நாள் தொடர்ந்து. அதில் ஒரு நாள் மட்டும் கூடவே 500 மி.கி. சைக்ளோபாஸ்பமைடு, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. 28 நாளுக்கு ஒரு முறை இதே மாதிரி. இடைப்பட்ட நாளில் சைக்ளோபாஸ்பமைடு 50 மி.கி. மாத்திரை. புண் முழுக்க ஆறும்வரை ஒரு கட்டம். ஆறிய பிறகும் விடாமல் ஒன்பது மாதம் இரண்டாம் கட்டம். பிறகு ஒன்பது மாதம் வெறும் மாத்திரை. கடைசியில் மருந்தே இல்லாமல் கண்காணிப்பு. "பல்ஸ் போட்டுக்கொண்டேன்" என்று பழைய நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

அளவைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் தினமும் எடுப்பதால் வரும் ஊதிய முகம், எலும்புத் தேய்மானம் எல்லாம் இதில் குறைவு. என்னோடு காத்திருந்த ஒரு பெரியவர் 1990களில் இதை எடுத்து முடித்தவர். எங்கள் வரிசைக்கு அவர் சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அந்தப் பேச்சே எங்களுக்குத் தெம்பு.

பஸ்ரிச்சா குளியலையும் சுத்தத்தையும் மருந்துக்குச் சமமாக வலியுறுத்தினார். நம் ஆட்கள் புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று வாரக்கணக்கில் குளிக்காமல் வைத்திருப்பார்கள். பொருக்குக்கு அடியில் சீழ் பிடிக்கும், புண் ஆறாது. நோய்தான் அடங்கவில்லை என்று நினைத்து ஸ்டீராய்டை ஏற்றுவார்கள். எனக்கே ஒரு முறை அப்படி 10 மி.கி. ஏறியது. வேண்டியிருந்தது தினசரிக் குளியலும் ஆன்டிபயாடிக்கும்தான். படுக்கையில் புண் ஒட்டிக்கொள்கிறது என்றால் சுத்தமாகக் கழுவிய வாழையிலையை விரித்துப் படுக்கலாம். வாழையிலையைத் தீக்காய வார்டுகளிலேயே பயன்படுத்துகிறார்கள்.

23 ஜூலை

24 வயதுப் பெண் ஒருவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பல்ஸ் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, இதை நேற்றே சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு கருமுட்டையைப் பாதிக்கும். மாதவிடாய் நின்றே போகலாம். ஆண்களுக்கு விந்தணு குறையும். அதனால்தான் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு அதற்குப் பதிலாக அசாத்தியோபிரின் வைத்துப் பல்ஸ் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் "எனக்குப் பின்னால் குழந்தை வேண்டும்" என்று வாயால் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள். மைக்கோபெனோலேட் என்ற மாத்திரை கொடுத்தாலும் அதை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது.

2 ஆகஸ்ட்

அசாத்தியோபிரின் என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்கு 2019 அக்டோபரில் அதைச் சேர்த்தார்கள். என்னோடு அதே வாரம் ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு மூன்றாம் வாரம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஸ்டீராய்டுச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் பார்த்தபோது வெள்ளணு அதலபாதாளத்தில். இந்தியர்களில் சிலருக்கு இந்த மருந்தை உடைக்க முடியாத மரபணு வாகு உண்டு, என்.யூ.டி.டி.15 என்று பெயர். அதற்குப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதிக்க முடியாவிட்டால் குறைந்த அளவில் ஆரம்பித்து, முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். திடீர் முடிகொட்டல், காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

அவள் பிழைத்தாள். முடியும் வந்துவிட்டது.

10 ஆகஸ்ட், மதியம்

ரிட்டுக்சிமாப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஆன்டிபாடியை உண்டாக்கும் படையின் தாய்ச்செல், அதாவது பி செல், அதைக் காலி செய்யும் மருந்து. பெம்பிகஸில் இதை முதலிலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்று அதே பாஸ்கல் ஜோலி பிரான்சில் 90 பேரிடம் பார்த்தார். முடிவு 2017இல் வந்தது. ஒரு குழுவுக்கு ரிட்டுக்சிமாபும், மூன்று அல்லது ஆறு மாதத்தில் முடியும் குறைந்த ஸ்டீராய்டும். மற்றக் குழுவுக்கு அதிக ஸ்டீராய்டு மட்டும், 12 அல்லது 18 மாதம். இரண்டு வருடம் கழித்து எந்த மருந்தும் இல்லாமல் புண்ணும் இல்லாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 89 சதவீதம், இரண்டாவதில் 34. அடுத்த வருடமே அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2007இலிருந்தே உள்நாட்டுத் தயாரிப்பு இருக்கிறது, அசலைவிட விலை குறைவு. அப்படியும் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வளையல் அடகுக்குப் போனது.

எனக்கு 2021 பிப்ரவரியில் போட்டார்கள். 1 கிராம், பதினைந்து நாள் கழித்து இன்னொரு 1 கிராம். உடனே ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடி தேய வேண்டும். ஏப்ரல் கடைசியில்தான் புதுக் கொப்புளம் நின்றது. டிசம்பரில் வைசலோன் பூஜ்யம்.

10 ஆகஸ்ட், இரவு

மதியம் எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாரும் உடனே ரிட்டுக்சிமாப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும்படி இருக்கிறது. அந்த வருடம் எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்குப் போட்ட இரண்டு மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை வந்தது. பி செல் இல்லாத உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, நோய் வந்தால் கடுமையாகும். மே மாதம் முழுக்க மாடியறையில் தனியாக இருந்தேன். நான் டீச்சர், பள்ளிக்கூடம் ஆன்லைனில் நடந்ததால் தப்பித்தேன். மகன் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவான். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் ஏன் போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறேன். ஸ்டீராய்டிலேயே இருந்திருந்தாலும் ஆபத்துதான் என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு யோசித்தால் போட்டது சரி, ஆனால் தடுப்பூசிகளை முதலில் முடித்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

போடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமி இந்த மருந்துக்குப் பிறகு கல்லீரலைத் தாக்கும். காசநோய்க்கும் பார்ப்பார்கள். எந்தப் பரிசோதனையையும் காசுக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

19 ஆகஸ்ட்

தம்பி அப்பாவின் செய்தியைப் போட்டிருக்கிறார். வில்டாகிளிப்டினை நிறுத்தி இன்சுலின் ஆரம்பித்து ஐந்து வாரம். தோல் டாக்டர் வேறு ஒருவரையும் கலந்து, டாக்சிசைக்ளினும் களிம்பும் சேர்த்திருக்கிறார். வைசலோன் 20. சர்க்கரை மதியத்தில் 190. புதுக் கொப்புளம் இல்லை.

மாத்திரையை மாற்றியதால் அடங்கியதா, களிம்பாலா, டாக்சிசைக்ளினாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் சந்தோஷம்.

20 ஆகஸ்ட்

இறக்குவதைப் பற்றி. என் சீட்டில் இருந்ததைச் சொல்கிறேன், உங்கள் சீட்டு வேறாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்குப் புதுக் கொப்புளமே வரக்கூடாது, இருக்கும் புண்ணில் ஐந்தில் நான்கு பங்கு ஆறியிருக்க வேண்டும். அப்போதுதான் முதல் படி இறங்கலாம். மேலே இருக்கும்போது 10 மி.கி. வீதம் இறங்கினோம். 20க்குக் கீழே 2.5 வீதம். 10க்குக் கீழே ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம் நின்றோம்.

கடினமான இடம் மேலே இல்லை, கடைசி 10 மி.கி.யில்தான். 7.5இல் எனக்கு மூட்டெல்லாம் வலித்தது, கரும்பலகையில் கை தூக்கி எழுத முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்தேன். அது மாத்திரை குறைவதால் வரும் சோர்வு. கண்ணாடி முன் நின்று வாயையும் முதுகையும் பார்த்தேன், ஒரு புண்கூட இல்லை. டாக்டர் இன்னும் இரண்டு வாரம் அதே படியில் நிறுத்தி வைத்தார், சரியாகிவிட்டது. முழுக்க நிறுத்துவதற்கு முன் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்த்தார்கள், சுரப்பி எழுந்துவிட்டதா என்று.

ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, மி.கி., புதுப் புண் எத்தனை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இளம் டாக்டர் பார்க்கும் இடத்தில் அந்த நோட்டுதான் பேசியது. பர்ஸில் "நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று எழுதிய அட்டையும் இருந்தது. காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை என்றால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசியாகக் கொடுக்க வேண்டும். அதை அந்நேரம் நம்மால் சொல்ல முடியாமல் போகலாம்.

7 செப்டம்பர்

வெங்காயம், பூண்டை விட்டால் ஸ்டீராய்டு தேவைப்படாது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். நானும் ஆறு மாதம் விட்டுப் பார்த்தேன். என் நோட்டில் எந்த மாற்றமும் இல்லை. முறுக்கு, அப்பளம், தட்டை மாதிரி கடினமானவை வாயைக் கீறும், புண் இருக்கும்போது வேண்டாம், அது உண்மை.

நாட்டு மருந்துக்கு: மருந்து என்ன என்று சொல்லாமல் பொட்டலத்தில் கொடுக்கும் பொடியை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளைப் பரிசோதித்தபோது உள்ளே ஸ்டீராய்டே இருந்திருக்கிறது. சாப்பிட்ட ஒரே வாரத்தில் பசி பிய்த்துக்கொண்டு வந்து, முகம் பளபளவென்று ஆனால் சந்தேகப்படுங்கள். எத்தனை மி.கி. என்றே தெரியாத ஸ்டீராய்டை எப்படி இறக்குவது?

28 செப்டம்பர்

இடுப்பு வலி பற்றிக் கேட்ட அண்ணனுக்கு. ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொடை இடுக்கில் வலி, நடந்தால் கூடுகிறது என்றால் வாயு என்று விடாதீர்கள். தொடையெலும்பின் உருண்டைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவது உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், புரையும் கண் அழுத்தமும் சத்தமில்லாமல் வரும்.

2 நவம்பர்

எனக்கு 2023இல் நோய் ஒரு முறை திரும்பியது. ஈறில் இரண்டு புண். இந்த முறை முதல் வாரமே போனேன். ரிட்டுக்சிமாப் மறுபடி, வைசலோன் 20இல் ஆரம்பித்து மூன்று மாதத்தில் முடிந்தது. முதல் முறை கிட்டத்தட்ட மூன்று வருடம் இழுத்தது இந்த முறை மூன்று மாதம். அன்று முதல் நாளே "எப்போது இறக்கப் போகிறோம், அதற்கு எந்த மருந்தைச் சேர்க்கப் போகிறோம்?" என்று கேட்டேன். 2019இல் அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

பெம்பிகாய்டுக்கு டுபிலுமாப் என்ற ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஸ்டீராய்டைக் குறைக்க உதவும். விலை இப்போதைக்கு நம் கைக்கு எட்டாது. என் நோய்க்கான அனுமதி அதற்கு இல்லை.

16 நவம்பர்

தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். 5 மி.கி., புதுப் புண் 0, மதியச் சர்க்கரை 164. அப்பா தாமாக எழுந்து வாசல்வரை நடக்கிறார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன்.

இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை கார்டிசால் பார்க்கப் போகும்போது அன்றைய மாத்திரையை ரத்தம் எடுப்பதற்கு முன் போட வேண்டுமா, பின் போட வேண்டுமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் போட்டால் கணக்கு மாறிவிடும். எண் வந்ததும் இங்கே எழுதுங்கள்.